கனவு இல்லம் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு கொத்தனார் சொல்வது

டி.கல்லுப்பட்டிப் பக்கம் 22 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2024இல் வந்ததிலிருந்து அந்த வீடுகள்தான் கைக்கு அதிகம் வருகின்றன. 2030க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது அதன் நோக்கம். வீடு ஒன்றுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. ஏழைக் குடும்பம் இவ்வளவு பணத்தைத் தானாகச் சேர்க்கவே முடியாது. அதனால்தான் பாதியில் நிற்கிற வீட்டைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முதலில் பட்டா. குடிசையில் குடியிருக்க வேண்டும், மனைக்குப் பட்டா இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே கிடந்தால் வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனு கொடுங்கள். புறம்போக்கில் இருப்பவர்கள் வீட்டுமனைப் பட்டா வாங்கிய பிறகுதான் இதற்கு வர முடியும். பயனாளிகள் பட்டியலுக்குக் கிராம சபை ஒப்புதல் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் உண்டு. போய் உட்காருங்கள், உங்கள் பெயர் இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள்.

சரி, உத்தரவு வந்துவிட்டது. இனிதான் கவனம் வேண்டும். வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். என் சித்தி மகள் வீட்டில், 'எப்படியும் கட்டுகிறோம், இன்னொரு ரூமையும் சேர்த்துக்கொள்வோம்' என்று 550 சதுர அடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினார்கள். நான் வெளியூர் வேலையில் இருந்தேன். கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் லிண்டலோடு காசு தீர்ந்து, வட்டிக்கு வாங்கி, ஒன்றரை வருடம் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார்கள். அந்த மாதிரி ரூமைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். ஆள்கள் ஆயிரம் யோசனை சொல்வார்கள்; அளவை மட்டும் மீறாதீர்கள்.

எங்கள் பக்கம் கரிசல் மண். கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும். இரண்டடியோடு வானத்தை நிறுத்தினால் அடுத்த வருடமே சுவரில் விரிசல் ஓடும். கெட்டி மண் வரும்வரை தோண்டுங்கள். செலவு கூடத்தான் செய்யும். அதைப் பூச்சிலும் பெயின்டிலும் குறைத்துக்கொள்ளுங்கள், அஸ்திவாரத்தில் குறைக்காதீர்கள்.

பணம் மொத்தமாக வராது. அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்தையும் முடித்து, ஓவர்சியர் பார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். சிமெண்டும் கம்பியும் துறை மூலமாக வரும், அதற்கான தொகையைக் கழித்துக்கொள்வார்கள். ஆகவே அடித்தளம் முடிகிறவரைக்குமான கூலியும் கல், மணலுக்கான காசும் கையில் இருக்க வேண்டும். மகளிர் குழுக் கடன் கிடைத்தால் நல்லது, கந்து வட்டி வேண்டாம்.

கூரை போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். மூன்று வாரம் காயவே விடக்கூடாது. தண்ணீர் லாரிக்குக் காசு பார்த்து இதில் கஞ்சத்தனம் செய்த வீடுகளில்தான் ஐப்பசி மழைக்கு ஒழுகுகிறது.

இருக்கிற குடிசையைப் பிரித்துவிட்டுக் கட்டுகிறவர்கள், முடிந்தால் தையில் தொடங்குங்கள். கோடை முழுக்க வேலை ஓடும். பிள்ளைகள் பந்தலில் படுத்தாலும் நனைய மாட்டார்கள், வைகாசிக் கடைசியில் பால் காய்ச்சிவிடலாம்.