துவாலுவில் 'எந்தக் கட்சி ஜெயித்தது?' என்று கேட்காதீர்கள்

பசிபிக் பெருங்கடலில் ஏறக்குறைய 11,000 பேர் வாழும் ஒன்பது தீவுகள்தான் துவாலு. நாடாளுமன்றத்தில் 16 பேர். கட்சி, கொடி, சின்னம் எதுவும் கிடையாது. அந்தத் தேர்தலைப் பற்றி நம் ஊர்ப் பழக்கத்தில் எழுதப்போனால் வரிசையாகச் சறுக்குவோம்.

பெரிய சறுக்கல், வாக்கு எண்ணி முடித்ததும் ஆட்சி யாருக்கு என்று தெரிந்துவிடும் என நினைப்பது. அங்கே அன்றைக்குத்தான் கதையே ஆரம்பம். ஜெயித்தவர்கள் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கூடிப் பேசி, தங்களுக்குள் ஒருவரைப் பிரதமராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஜனவரி 26 அன்று வாக்குப்பதிவு. வெளித்தீவுக்காரர்கள் படகில்தான் வரவேண்டும். வானிலை மோசமானதால் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆனது. பிப்ரவரி 26 அன்றுதான் ஃபெலெட்டி தெயோ பிரதமர் என்று தெரிந்தது. போட்டிக்கு வேறு யாரும் நிற்கவில்லை.

'பிரதமர் தோல்வி' என்று தலைப்புப் போடுமுன் எங்கே தோற்றார் என்று பாருங்கள். 2019இல் அப்போதைய பிரதமர் எனெலே சொபோவாங்கா தன் தொகுதியில் ஜெயித்துவிட்டார். பிறகு உறுப்பினர்கள் வாக்கெடுப்பில்தான் கௌசியா நடானோவிடம் பதவியை இழந்தார். 2024இல் அதே நடானோவை ஃபுனாஃபுட்டி வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னதில் பதவி மட்டும் போனது, பின்னதில் சீட்டே போனது.

சதவீதக் கணக்கிலும் கவனம் தேவை. எட்டுத் தொகுதி (குட்டித்தீவு நியூலகிட்டா, நியூடாவோடு சேர்ந்துவிட்டது), தொகுதிக்கு இரண்டு இடம், வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. நூறு பேர் வந்து இரண்டையும் போட்டால் 200 வாக்குகள். அதில் ஒருவர் 60 வாங்கினால் 30 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஆனால் வந்தவர்களில் 60 பேர் அவரை விரும்பியிருக்கிறார்கள்!

தைவானா சீனாவா என்ற கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்ப்பதும் வேண்டாம். துவாலு தூதரக உறவு வைத்திருப்பது தைவானோடு. 2024 வாக்குப்பதிவுக்குப் பதினோரு நாள் முன்பு இன்னொரு பசிபிக் தீவு நாடான நவூரு அந்த உறவைக் கைவிட்டுச் சீனாவின் பக்கம் போனதால், வெளிநாட்டுப் பத்திரிகைகள் அடுத்தது துவாலுதான் என்று எழுதின. தெயோ அரசு தைவான் உறவைத் தொடர்ந்தது. கட்சியே இல்லாத இடத்தில் 'சீன ஆதரவு அணி' என்று எழுதுவது எனக்குக் கற்பனையாகத்தான் படுகிறது. சில ஆயிரம் வாக்காளர்களே உள்ள நாட்டில் வேட்பாளரின் குடும்பமும் குணமும் ஊருக்கே தெரியும்.

கடைசியாக, துவாலுவையும் நவூருவையும் குழப்பாதீர்கள். நவூருவிலும் கட்சிகள் பெரிதாக வேர்விடவில்லை என்றாலும் அங்கே பிரதமருக்குப் பதில் ஜனாதிபதி, நாடாளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள். வாக்காளர் எல்லா வேட்பாளரையும் வரிசைப்படுத்த வேண்டும்: முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மதிப்பு இறங்கும். முடிவுப் பட்டியலில் வாக்கு எண்ணிக்கை தசமப் புள்ளியோடு இருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள், அது நவூரு.