வரம்பில் நிற்கும் அட்ரஸ்: சிம்பல் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகளோடு இருந்து கோட் பார்ப்பது வழக்கம். போன கிழமை தங்கச்சி ஒருத்தி தான் எழுதிய புரொஃபைலரை, அதாவது புரோகிராம் எந்த ஃபங்ஷனில் நேரம் செலவழிக்கிறது என்று காட்டும் கருவியை, காட்டினாள். "அண்ணை, ஓடாத ஃபங்ஷன் ஸ்டாக்கில நிக்குது" என்றாள். ஸ்டாக் என்பது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு, அதில் ஒவ்வொரு படியும் ஒரு ஃப்ரேம். அங்கே கிடைப்பது அட்ரஸ் மட்டும்; அது எந்த ஃபங்ஷனுடையது என்று, பெயர்களும் தொடக்க அட்ரஸ்களும் உள்ள டேபிளில் பார்ப்பதுதான் சிம்பல் தேடல். பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. டேபிளை வரிசைப்படுத்தாமல் தேடுவது போன்றவை முதல் ஓட்டத்திலேயே பிடிபடும், அவற்றை விடுகிறேன்.

ரிட்டர்ன் அட்ரஸை அப்படியே தேடுவது

ஸ்டாக்கில் கிடைப்பது கோல் (ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் இன்ஸ்ட்ரக்ஷன்) நடந்த இடம் அல்ல, அது முடிந்தபின் திரும்ப வேண்டிய இடம். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் கிடக்கும், பிழை தெரியாது. திரும்பியே வராத ஃபங்ஷனைக் கடைசியாகக் கூப்பிட்டால்தான் வினை. கம்பைலர் அதற்குப் பிறகு எதுவும் எழுதத் தேவையில்லை.

ஒரு ஃபங்ஷன் 4096இல் தொடங்குகிறது, நீளம் 64 பைட். 4155இல் 5 பைட் கோல். ரிட்டர்ன் அட்ரஸ் 4160. அடுத்த ஃபங்ஷனின் வாசலும் 4160தான்! இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு இது விளங்கும்: வரம்பில் நிற்பவர் எந்த வயலிலிருந்து ஏறினார் என்று பார்க்காமல், எந்தக் காணிக்காரர் என்று சொல்ல முடியாது.

என் புரோகிராமில் த்ரெட்டைத் தொடக்கும் ஃபங்ஷன் முடிவில்லாத லூப் ஒன்றைக் கூப்பிட்டது. அதற்கு அடுத்து இருந்தது ஃபைல் மூடும் ஃபங்ஷன். நேரமெல்லாம் அதன் கணக்கில் விழ, ஒரு கிழமை அதையே திருத்தி எழுதினேன். நடுவில் ஒரு லொக் வரி சேர்த்தேன். ஃபங்ஷன் நீண்டு, இடையில் நிரப்பு பைட்கள் வந்து, பெயர் சரியாகிவிட்டது. வரியை எடுத்ததும் பிழை திரும்பி வந்தது. அந்த ஒரு கிழமையை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தேடும் முன் 1ஐக் கழியுங்கள். 4159 கோலுக்குள்ளேயே விழும். வரி எண்ணும் சரியாக வரும்.

எல்லா ஃப்ரேமிலும் கழிப்பது

தங்கச்சி உடனே செய்தது இதைத்தான். உச்சி ஃப்ரேமில் இருப்பது ஓடிக்கொண்டிருந்த இன்ஸ்ட்ரக்ஷனின் அட்ரஸ். அது ஃபங்ஷனின் முதல் பைட்டாக இருந்தால், கழித்ததும் முந்தைய ஃபங்ஷனுக்குள் போய்விடும். சிக்னல் (ஓட்டத்தை நடுவில் நிறுத்தும் அறிவிப்பு) குறுக்கிட்ட ஃப்ரேமும் அப்படித்தான், அங்கேயும் கழிக்கக் கூடாது.

சைஸ் 0 சிம்பலை எறிவது

எறியாதீர்கள். கையால் எழுதிய அசெம்பிளியில் நீளம் பதியாமல் 0 என்று நிற்பது சாதாரணம்.

ஸ்ட்ரிப் செய்த பைனரியில் கிட்டிய பெயரைப் போடுவது

ஸ்ட்ரிப் செய்தால் சிம்பல் பெயர்கள் நீக்கப்பட்டிருக்கும், கிட்டிய பெயர் வேறொரு ஃபங்ஷனுடையதாக இருக்கலாம். அட்ரஸையே காட்டுங்கள்.

டெஸ்ட் இல்லாமல் மூடுவது

இரண்டே சிம்பல் கொண்ட டேபிள் போதும்: 4096, 4160. கூப்பிட்டவராக 4160ஐத் தேடினால் முதலாவது வர வேண்டும். உச்சி ஃப்ரேமாகத் தேடினால் இரண்டாவது. பின்னேரம் கரண்ட் போகும் முன் தங்கச்சி இரண்டையும் எழுதி ஓட்டிவிட்டாள்.