ஜெட் ஸ்கீ இன்ஜின்: பிஸ்டனுக்கு முன்னால் கசிவைப் பாருங்கள்

தொண்டிக் கடலில் ஓடிப் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துப்போன ஜெட் ஸ்கீயின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினைக் காரைக்குடி வீட்டில் பிரிக்கிறீர்களா? சரி, முதலில் சாக்கு விரியுங்கள், ஆத்தங்குடித் தரையில் ஆயில் கறை பட்டால் வீட்டில் சும்மா விடமாட்டார்கள். லேத்தில் சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்குவது எளிது, ஏன் பிடித்தது என்பதுதான் விஷயம். கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைத்திருக்கலாம், ஆயில் பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம், கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) வழியே காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாவிட்டால் புதுப் பிஸ்டனும் போகும். பூட்டியதும் இன்டேக், எக்ஸாஸ்ட், பல்ஸ் லைன் (இன்ஜினிலிருந்து பெட்ரோல் பம்புக்குப் போகும் சிறு குழாய்) மூன்றையும் அடைத்து, 6 முதல் 8 பிஎஸ்ஐ காற்று மட்டும் ஏற்றி (அதிகமானால் சீலே கழன்றுவிடும்) சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கசியும் இடத்தில் குமிழி வரும். உப்புத் தண்ணீர் உள்ளே போன இன்ஜின் என்றால் கிராங்க் பேரிங்கையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் மாற்ற வேண்டியதுதான்.