ஸ்ட்ராபெர்ரி டிரமிசு: அடியில் தண்ணீர் தேங்காமல் இருக்க

டிரமிசு என்பது காபியில் தோய்த்த பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய இனிப்பு. காபிக்குப் பதில் பழச்சாறு ஊற்றிச் செய்யும் டிரமிசுவில் பெரும்பாலும் சொதப்புவது பிஸ்கட் அடுக்குதான். அது கூழாகிவிட்டால் கிரீம் எவ்வளவு நன்றாக வந்தும் பயனில்லை.

250 கிராம் ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி, 50 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர், ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்து 6 நிமிடம் கொதிக்கவிட்டு, மசித்து வடிகட்டுங்கள். சாறு முழுக்க ஆறட்டும். சூடாக இருந்தால் பிஸ்கட் சட்டென்று ஊறி உடையும். மேலே வைக்கும் கிரீமும் இளகும்.

கிரீமுக்கு 250 கிராம் மஸ்கார்போனையும் (மென்மையான இத்தாலிய கிரீம் சீஸ்) 60 கிராம் பொடித்த சர்க்கரையையும் கரண்டியால் மென்மையாகக் கலந்தால் போதும். பீட்டரில் அதிகம் அடித்தால் கொழுப்பு பிரிந்து திரிதிரியாகிவிடும். ஜில்லென்ற விப்பிங் கிரீம் 200 மி.லி. தனியே கெட்டியாக அடித்து, இதில் மூன்று தடவையாக மடித்துச் சேர்க்கவும். முட்டை தேவையில்லை.

இந்த அளவுக்கு 18 லேடிஃபிங்கர் பிஸ்கட் (விரல் வடிவ ஸ்பாஞ்ச் பிஸ்கட்). ஒவ்வொரு பக்கமும் ஒரு நொடி மட்டும் சாற்றில் தோய்க்கவும். நடுப்பகுதி மொறுமொறுப்பாக இருப்பதுதான் சரி, மீதியை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். பிஸ்கட், கிரீம் என மாற்றி மாற்றி இரண்டு முறை அடுக்கி, மூடி 6 மணி நேரம் குளிரவிடுங்கள்.

நறுக்கிய பழத்தை நடுவில் வைக்காதீர்கள், சர்க்கரை பட்டதும் நீர் விடும். பரிமாறும்போது மேலே அடுக்கலாம். அன்னாசி, கிவி என்றால் வேகவைத்தே சேர்க்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அவற்றின் நொதி பால் புரதத்தைச் சிதைத்து, கிரீம் கசக்கும்.