கட்டுநாயக்க சோனுக்கு வேலைக்குப் போகுமுன்

ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கமிருந்து கட்டுநாயக்கவுக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு பேக்கைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

1977இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, அடுத்த வருடமே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, அதைத்தான் சோன் என்கிறோம். கொழும்புத் துறைமுகம் கிட்ட, துணியும் மெஷினும் வரியில்லாமல் வரும். அந்தக் காலத்தில் பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு உடுப்பு வாங்குவது என்று கோட்டா வைத்திருந்ததால், சொந்த நாட்டுக் கோட்டா தீர்ந்துபோன கிழக்காசிய முதலாளிகளும் இங்கே வந்து தைக்க ஆரம்பித்தார்கள். 2005இல் அந்தக் கோட்டா முறை முடிந்தும் சோன் தாக்குப்பிடித்தது. ஆனால் கேட்டுக்குள் ஃபேக்டரிதான், ஆள் தங்குவது வெளியே. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் வளவுக்குள் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள், கிட்டத்தட்ட நம்ம தோட்டத்து லயம்தான்.

அதனால் அறையைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குழாயில் எந்த நேரம் தண்ணீர் வரும், ஒரு கக்கூஸுக்கு எத்தனை பேர், கரண்ட் பில் தனியா, இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்காமல் அங்கே ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். ஓ.டி. (மேலதிக நேர வேலை) முடிந்து இரவில் நடக்கப்போகிற பாதையில் லைட் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, சம்பளம். கையில் வரும் மொத்தத் தொகையைச் சொல்லித்தான் ஆள் பிடிப்பார்கள். அடிப்படை எவ்வளவு, வரவுக் கொடுப்பனவு எவ்வளவு, ஒரு நாள் லீவு போட்டால் எது வெட்டுப்படும் என்று பிரித்துக் கேளுங்கள். ஈ.பி.எஃப்.புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்களிடம் 8 வீதம் பிடித்து கம்பெனி 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர்கள் காசு. ஓ.டி. காசுக்கு ஈ.பி.எஃப். கிடையாது, ஆகவே அடிப்படை குறைந்து ஓ.டி.யால் நிரம்பிய சம்பளம் பார்க்கத்தான் பெரிசு. ஒரே இடத்தில் 5 வருடம் முடித்தால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நாலரை வருடத்தில் கோபித்துக்கொண்டு வருகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் வைத்திருங்கள்.

அப்புறம், கோச்சியில் போனால் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை போகவேண்டியதில்லை. ராகமயில் நிற்கிற கோச்சியாகப் பார்த்து ஏறி, அங்கே புத்தளம் லைனுக்கு மாறுங்கள்.