துக்க வீட்டில் கழுத்துக்கு வரும் மாலை: ஹவாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை இறந்தவருக்குத்தானே, துக்கம் கேட்கப் போன நம் கழுத்தில் எதற்கு? ஹவாயில் இறுதிச் சடங்குக்குப் போகும் தமிழர் முதலில் தடுமாறுவது இங்கேதான். 'லேய்' என்னும் அந்த மாலை பெட்டியின் மீதும் படத்தின் மீதும் கிடக்கும். இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் கழுத்திலும் கிடக்கும். வருகிறவர்கள் குடும்பத்தாருக்கு மாலை போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் ஒன்று வரலாம். அபசகுனம் என்று ஓர் அடி பின்வாங்கினீர்களானால், அன்பையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதி மாலை மார்பிலும் பாதி முதுகிலும் இருக்க வேண்டும். போட்டவர் கண்ணெதிரே கழற்றாதீர்கள்.

நீங்கள் மாலை வாங்கிப் போவதாக இருந்தால் யாருக்கு எது என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு முனைகள் முடியப்படாத மாலைதான். வட்டமாகக் கட்டியது குழந்தையின் கழுத்தைச் சுற்றும் கொடியை நினைவூட்டும் என்பது நம்பிக்கை. தாழம்பழ மாலை இன்னும் நுட்பமானது. நம் தாழையின் இனமான மரத்தை அங்கே 'ஹலா' என்பார்கள். அதன் பழத்தின் ஆரஞ்சு நிறச் சுளைகளைக் கோத்துக் கட்டுவார்கள். 'ஹலா' என்ற சொல்லுக்கே கடந்துபோதல், இறத்தல், பிழைத்தல் என்ற பொருள்களும் உண்டு. அதனால் துக்கத்துக்கு அது பொருந்தும். புதுத் தொழில் தொடங்குபவருக்கோ தேர்தலில் நிற்பவருக்கோ அதைக் கொண்டுபோய்ப் போடுவது வினை.

வாடிய மாலையைக் குப்பைத்தொட்டியில் போடுவதுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் செய்யும் தவறு. நாரையோ நூலையோ அறுத்துப் பூக்களை உருவி மண்ணில் சேர்க்க வேண்டும்; மரக்கிளையில் தொங்கவிடுபவர்களும் உண்டு. கடலில் விடுவதானால் வெறும் பூ மட்டும். நூலோடு வீசினால் ஆமைக்கும் மீனுக்கும் அது சுருக்குக் கயிறாகிவிடும்.

உடைக்காகக் கறுப்புக் கோட்டைத் தேடி அலைய வேண்டாம். இரங்கல் அறிவிப்பிலேயே 'அலோஹா உடை' என்று போட்டிருப்பார்கள்: பூப்போட்ட சட்டை, தளர்ந்த கவுன். கொஞ்சம் அடங்கிய நிறமாக இருந்தால் நல்லது. கிளியும் அன்னாசியும் அச்சடித்த சுற்றுலாக் கடைச் சட்டை மட்டும் ஆகாது.

பண விஷயத்தில் நமக்குப் பழக்கம் கைகொடுக்கும். 1885 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த ஜப்பானியர்களோடு வந்தது 'கோடென்'. ஊதுபத்திச் செலவுக்கு என்று உறையில் வைத்துத் தரும் பணம் அது. இப்போது எல்லா இனத்தாரும் தருகிறார்கள். உறையில் பெயரோடு முகவரியையும் எழுதாமல் கொடுப்பது பிழை. மொய் நோட்டு மாதிரி அவர்களும் கணக்கு எழுதி, பிறகு ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் அனுப்புவார்கள். அதற்குள் சில தபால்தலைகளும் வைத்திருப்பார்கள், பதில் மரியாதையாக. முகவரி இல்லாத உறை அந்த வீட்டுக்குத் தீராத கடன். 'கோடென் வேண்டாம்' என்று அறிவிப்பில் இருந்தால் வற்புறுத்தாதீர்கள்.

சாம்பலைக் கடலில் கரைக்கும்போது படகுகளிலும் அலைப்பலகைகளிலும் துடுப்புப் போட்டுச் சென்று, வட்டமாகக் கூடிப் பூக்களைத் தூவுவார்கள். நீச்சல் வீரரும் நவீன அலைச்சறுக்கின் தந்தை எனப் போற்றப்படுபவருமான டியூக் கஹானமோகுவை 1968இல் வைகீக்கி கடலில் இப்படித்தான் வழியனுப்பினார்கள். அழைக்கப்படாமல் அந்த வட்டத்துக்குள் நுழைவதும் கரையிலிருந்து அதைக் காட்சிப்பொருளாகப் படம் பிடிப்பதும் அநாகரிகம். சொந்தத்தில் யாருக்காவது சாம்பல் கரைப்பதானால் சட்டமும் இருக்கிறது: அமெரிக்க விதிப்படி கரையிலிருந்து 3 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும், கரைத்த பிறகு 30 நாள்களுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

மவுயி தீவில் லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8 அன்று தீயில் அழிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புறவழிச்சாலை ஓரம் அவர்களுக்காகச் சிலுவைகளும் படங்களும் மாலைகளும் வைக்கப்பட்டன. அங்கே காரை நிறுத்தித் தன்னையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள்மேல் உள்ளூர்க்காரர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. பழைய புதைகுழிகள் பக்கம் கல்லைப் புரட்டுவது, மணலைக் கிளறுவது இதைவிடப் பெரிய குற்றம். பூர்வகுடிகளுக்கு 'இவி', அதாவது எலும்பு, வெறும் மிச்சமல்ல, மூதாதையரே. அதே தீவின் ஹோனோகஹுவாவில் 1980களின் இறுதியில் ஹோட்டல் கட்டத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான புதைகுழிகள் வெளிப்பட்டன. பூர்வகுடிகள் போராடினார்கள், ஹோட்டலையே உள்ளே தள்ளிக் கட்ட நேர்ந்தது.

ஓராண்டு நிறைவில் 'அஹ ஆயினா வைமகா' என்ற விருந்துக்குக் கூப்பிட்டால், 'கண்ணீர் விருந்து' என்று பொருள் கேட்டு அழும் முகத்தோடு போய்விடாதீர்கள். சேர்ந்து அழுதவர்கள் இப்போது சேர்ந்து சிரிக்கக் கூடும் மகிழ்ச்சியான விருந்து அது.

கடைசியாக ஒன்று. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் நழுவுவது நம் வழக்கம். அங்கே அது மனத்தாங்கல் ஆகும். ஒவ்வொருவரையும் அணைத்து, 'ஆ ஹுயி ஹோ' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம். அதற்குள் யாராவது ஓர் அத்தை தட்டில் சோறும் இறைச்சியும் வைத்து அலுமினியத் தாளால் மூடி வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்கலாம். சாவு வீட்டுச் சோறு என்று அதைக் காரில் வைத்து மறந்துவிடாதீர்கள். சாப்பிட்டீர்களா என்று மறுநாள் கேட்பார்.