பறவைக் காய்ச்சலைக் கண்காணிப்பது எப்படி: குமரி மாவட்டக் குளங்களுக்கும் கோழிக்கூடுகளுக்கும்

கூட்டில் கோழி செத்தால் நம்மூரில் முதலில் எழும் பேச்சு, "கழிச்சல் அடிச்சிருக்கும்" என்பதுதான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் ராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சலும் பறவைக் காய்ச்சலும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், மூச்சுத்திணறல், திடீர்ச் சாவு எல்லாம் இரண்டிலும் வரும். பரிசோதனைக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். கோழி வளர்ப்பவரும் குளக்கரையில் பறவை பார்ப்பவரும் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வழக்கத்துக்கு மாறான சாவை அன்றைக்கே கவனித்து, அன்றைக்கே சொன்னால் போதும். அதற்கு வழக்கம் எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே வேண்டும். சுசீந்திரம்-தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கும் மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளங்களிலும் வலசைப் பறவைகள் தங்குகின்றன. மேற்கே கேரள எல்லை. 2014இல் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளில் நோய் பரவியது. 2023 ஜனவரியில் பக்கத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்து அழூரிலேயே உறுதியானது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துகள் இறங்கும் வேளையில் வலசைப் பறவைகள் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. ஒரே தண்ணீரில் இரண்டும் மேயும்.

பண்ணைக் குறிப்பேடு

40 பக்க நோட்டு ஒன்று போதும். தினமும் மாலையில் ஒரு வரி: தேதி, உயிரோடு உள்ள எண்ணிக்கை, செத்தது, தின்ற தீவனம் கிலோவில், குடித்த தண்ணீர், முட்டை, வந்து போன ஆள், வண்டி. கடைசி இரண்டையும் பலர் எழுதுவதில்லை. நோய் எந்த வழியில் வந்தது என்று பின்னால் தேடும்போது முதலில் கேட்பது அதைத்தான். குஞ்சு இறக்கிய வண்டி, முட்டை அட்டை திரும்பக் கொண்டுவந்தவர், பக்கத்துப் பண்ணையில் தடுப்பூசி போட்டுவிட்டு வந்த ஆள் என்று எதையும் விடாமல் எழுதுங்கள்.

எப்போது பதற வேண்டும்? ஐரோப்பிய நாடுகள் வைத்திருக்கும் அளவுகோல் நமக்கும் உதவும்: தீவனமோ தண்ணீரோ 20 சதவீதத்துக்கு மேல் குறைவது, முட்டை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பது, வாரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் சாவது. 500 முட்டைக்கோழி உள்ள கொட்டகையில் கோழிக்கு 110 கிராம் கணக்கில் நாளுக்கு 55 கிலோ தீவனம் போகும். அது 44 கிலோவுக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். தினம் 420 முட்டை வந்த இடத்தில் 399க்குக் கீழே இறங்கி அப்படியே நின்றால், அல்லது வாரத்தில் 15 கோழிக்கு மேல் செத்தால், கால்நடை மருத்துவமனைக்குப் பேசுங்கள். நல்ல வெயில் நாளில் தீவனம் தானாகவே குறையும். ஆனால் அன்று தண்ணீர் கூடுதலாகப் போகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் வெயிலின் மேல் பழி போட வேண்டாம்.

வீட்டுப் புறத்தில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவருக்குச் சதவீதக் கணக்கு உதவாது. ஒரே நாளில் இரண்டு செத்தாலோ, காலையில் நன்றாக இரை பொறுக்கிய கோழி மாலையில் கிடந்தாலோ, அது போதும். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் முகாமில் கோழிக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஊசி போட்ட கூட்டில் திடீர்ச் சாவு வந்தால் சந்தேகம் உடனே கூர்மையாகிவிடும்.

கோழியில் எதைப் பார்ப்பது

தொடாமல், ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கொண்டையும் தாடியும். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது நாவல்பழத் தோல்போல் கருநீலமாகி, ஓரம் வீங்கியிருக்கும். அடுத்து கால். இறகில்லாத கணைக்காலில், செதில்களுக்கு இடையே குத்திட்டாற்போல் சிவப்புப் புள்ளிகளோ திட்டுகளோ தெரியும். கண்ணைச் சுற்றி வீக்கம், ஓடு இல்லாத கூழ் முட்டை, பச்சை எச்சம் இவையும் சேரலாம். சில வேளை எந்த அறிகுறியும் காட்டாமல் மொத்தமாகச் சாகும். அறுத்துப் பார்க்கவே கூடாது. உள்ளிருக்கும் கிருமி அறுக்கிற கைக்கும் முகத்துக்கும் நேராக வரும்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் தாரா என்று சொல்லும் வாத்துகளை நம்பிவிடக் கூடாது. கிருமியைச் சுமந்துகொண்டே நலமாக நீந்தும். கோழியையும் வாத்தையும் ஒரே கூட்டில் அடைப்பவர்கள் முதலில் அவற்றைப் பிரித்து வையுங்கள். குளத்துத் தண்ணீரைக் கோழிக்கு வைப்பதையும் நிறுத்துங்கள்.

குளக்கரையில்

வாரம் ஒரு முறை, ஒரே நாள், ஒரே பாதை, காலை 6:30 முதல் 8:30க்குள். வலசை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். பாதையை மாற்றினால் போன வாரக் கணக்கோடு ஒப்பிட முடியாது. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. உயிரோடு உள்ளவற்றை இனவாரியாக எண்ணுங்கள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, கொக்கு, நாரை, ஆலா. கூடவே காக்கையையும் பருந்தையும். இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 2020-21 குளிர்காலத்தில் இமாச்சலத்தின் போங் அணையில் வரித்தலை வாத்துகள் செத்தபோது, ராஜஸ்தானின் ஜாலாவாரில் நோயைக் காட்டிக்கொடுத்தவை காக்கைகள்தான். கறிக்கடைக் கழிவு கொட்டும் கால்வாய் ஓரங்களையும் உங்கள் பாதையில் சேருங்கள். காக்கையும் பருந்தும் பூனையும் கூடுவது அங்கேதான். பூனைக்கும் இந்த நோய் தொற்றும்.

நோயுற்ற பறவை ஆள் நெருங்கினாலும் பறக்காது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே வட்டத்தில் நீந்தும். பின்னோக்கி விழும். கண் பால்போல் வெளுத்திருக்கலாம்.

செத்துக் கிடந்தால் வேறு காரணம் உண்டா என்று பாருங்கள். தலைக்கு மேல் மின்கம்பி இருந்து இறகு கருகியிருந்தால் மின்சாரம். மருந்தடித்த வயலோரம் ஒரே நாளில் பல கிடந்தால் விஷம். கோடையில் குளம் வற்றிச் சேறாகும்போது கழுத்து துவண்டு கிடந்தால் பாட்டுலிசம் என்னும் நச்சாகவும் இருக்கும். எதுவும் பொருந்தாமல், நான்கைந்து ஒரே வாரத்தில் செத்திருந்தால், அல்லது ஒரே இடத்தில் இரண்டு இனங்கள் செத்திருந்தால், தாமதம் வேண்டாம். உடல் எவ்வளவு புதிது என்பதையும் எழுதுங்கள்: கண் தெளிவாக இருக்கிறதா, புழு வைத்திருக்கிறதா. அடுத்த வாரம் அதே உடலைப் புதுச் சாவாக எண்ணிவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, படம் எடுத்து, இருப்பிடப் புள்ளியைச் சேமியுங்கள். காட்டுப்பறவையின் உடலை நீங்களே எடுத்துப் போகக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வனத்துறை வந்துதான் எடுக்க வேண்டும்.

சொல்வது

கோழி என்றால் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை, அல்லது 1962 என்னும் கால்நடை உதவி எண். காட்டுப்பறவை என்றால் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் இரண்டுக்கும் சொல்லுங்கள். ஒன்று மற்றதற்குச் சொல்லும் என்று காத்திருந்தால் ஒரு நாள் போய்விடும். கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டியவை: ஊர், ஊராட்சி, என்ன பறவை, மொத்தம் எத்தனை, செத்தது எத்தனை, முதல் சாவு எந்த நாள், கடைசியாகப் போட்ட தடுப்பூசி, 21 நாளுக்குள் வந்த குஞ்சும் ஆளும் வண்டியும்.

மருத்துவர் வரும்வரை எதையும் விற்காதீர்கள், அறுக்காதீர்கள், கால்வாயில் எறியாதீர்கள். செத்த கோழியை எடுக்க வேண்டியிருந்தால் கையுறை, என்95 முகக்கவசம், ரப்பர் பூட்ஸ். கையில் பிளாஸ்டிக் பையை உறைபோல் மாட்டி, உடலைப் பிடித்து, பையை உள்வெளியாகப் புரட்டிக் கட்டுங்கள். மேலே இன்னொரு பை. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து நிழலில் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வேண்டாம். ஃப்ரீசரில் உறைய வைத்தால் மாதிரி கெடும்.

மாதிரியைக் கால்நடை ஊழியர்கள் எடுப்பார்கள். தொண்டையிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் செயற்கை இழைக் குச்சியால் துடைத்து, கிருமியைக் காக்கும் திரவக் குப்பியில் முறித்துப் போட்டு, மூன்றடுக்குப் பொதியில் 4 டிகிரி குளிரில் அனுப்புவார்கள். உறுதிப்படுத்துவது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம்.

உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்று நோய்ப்பகுதி, அதிலிருந்து 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. நோய்ப்பகுதிக் கோழிகள் அழிக்கப்படும். இழப்பீடு, அரசு அழிக்கும் கோழிக்குத்தான். அதற்கு முன் செத்ததற்குக் கிடையாது. மறைத்து வைத்த ஒவ்வொரு நாளும் பணமாகவே போகிறது என்பதைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடமும் சொல்லுங்கள்.

மாதிரி எடுத்தபின் புதைக்கச் சொன்னால் மேடான இடமாகப் பாருங்கள். நம் குளக்கரையிலும் கடலோரத்திலும் நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். கிணற்றுக்குத் தள்ளி, உடலுக்கு மேல் குறைந்தது மூன்றடி மண், இடையிடையே சுண்ணாம்பு. கூட்டில் எச்சத்தை முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். எச்சத்தின் மேலேயே தெளித்தால் குளோரின் எச்சத்தோடு செலவாகிவிடும், கிருமி அடியில் தப்பும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

தொட்டவர்கள் 10 நாள் உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு எது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, "செத்த கோழியைத் தொட்டேன்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்தக் காய்ச்சலுக்குத் தரும் ஓசல்டாமிவிர் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.